சவரிமுத்து அண்ணனின் மன்றாட்டு

சில நாட்களுக்கு முன் ஒரு காலையில் சின்னையா தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, அண்ணன் போயிட்டாருலா" என்றார். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி நான் யார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்?

உங்களில் பலருக்குச் சவரிமுத்து அண்ணனைக் கோயிலில் தெரியும். ஞாயிறு தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசித்தவர். தொழிற்சாலையில் வேலை செய்த எங்களுக்கு அவர் தொழிற்சங்கத்து அண்ணன். டத்தோ கிராமாட் பகுதியில் அவரும் சின்னையாவும் ஒரே வீட்டில் இருந்ததை, 'பாவம், ரெண்டு பிரமச்சாரிங்க' என்று ஊர் தானாகவே முடிவு கட்டியிருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் நேசித்து வாழ்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு பெண்ணோடு அப்படி வாழ்கிறவள் என்று அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

விசாரணை இல்லாமல் போலீஸ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன அந்த வருடம் நினைவிருக்கிறதா? எங்கள் சங்கத்திலும் இருவர் பிடிபட்டார்கள். வாசலில் கார் நின்றாலே விளக்கை அணைத்துவிடுவேன். ஒருநாள் அண்ணன் வந்தார். தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. உளவுக்காரன் ஒருவன் அவரைக் கோப்பிக் கடையில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறான். சங்கத்தில் தீவிரமாக இருப்பது யார் யார் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக் கதை கோயிலுக்குப் போகும். அவர் சொல்லவேண்டிய பெயர்களில் என் பெயரும் உண்டு.

"எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி. ஒளிச்சு வச்சது ஒண்ணு இருக்கிற வரைக்கும் அவன் என்னைய இழுத்துக்கிட்டேதான் இருப்பான்" என்றார்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டு வாசிக்க எழுந்தார். நம் வழக்கம்தான் தெரியுமே. "உம்மை மன்றாடுகிறோம்" என்று அவர் முடித்ததும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். என்ன வேண்டினார் என்று யார் காது கொடுக்கிறோம்? முதலில், பிடிபட்டவர்களுக்காக வேண்டினார். பிறகு அதே குரலில், "நான் நேசித்து ஒன்றாக வாழும் என் துணைவர் சின்னையாவுக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்றார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது கோயில் மொத்தமும்.

அப்புறம்தான் உறைத்தது. முன்வரிசையில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். சாமியார் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

மன்றாட்டு வாசிப்பு அவரிடமிருந்து பறிபோனது. சங்கத்திலும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், வெட்கக்கேடு. ஆனால் உளவுக்காரன் பிறகு வரவில்லை. எங்களில் யாரையும் அவர் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கோயிலுக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டால், "அத்தனை பேரும் எங்களுக்காக வேண்டிட்டாங்க. இனிமே வாபஸ் வாங்க முடியாதுலா" என்று சிரிப்பார்.

"பயம் போயிருச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? பூசைக்கும் கூடத்தான் வருது. ஆண்டவரே பிடிபடுறதுக்கு முன்னால ஒலிவத் தோட்டத்துல வேர்த்துக் கொட்டிப் பயந்தவருதானே? பயந்தவனை அவரு தள்ளமாட்டாரு."

அடக்கத்தன்று அவரைத் தைரியசாலி என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் நடுங்கியதை நான் பார்த்தவள். நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்லலாம் என்பதைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "பயமா இருந்தா என் பேரப் போடாத" என்றாள். பயமாகத்தான் இருக்கிறது. அவள் பெயர் கமலா. அண்ணனின் முப்பதாம் நாள் பூசையில் சின்னையாவின் இரு பக்கமும் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம்.