காதைக் கொடுத்து உட்காருகிறவர்

ஆண்டியப்பன் டிவிக்கு முகத்தைக் கொடுத்து உட்காருவதில்லை. காதைக் கொடுத்து உட்காருவார். பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது காது திரையை நோக்கி இருக்கும்படி அமர்வார். கேம் கைப்பிடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, பொத்தான்களின் மேல் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டுவார். பிறகுதான் வாய் திறப்பார்.

"சத்தத்தக் கூட்டும்மா. பெரியவரு வந்துட்டாருன்னு ஊருக்குத் தெரியட்டும்."

பெரியவர் என்பது அவரல்ல. திரையில் அவருக்காகச் சண்டை போடுகிற, தாடி வைத்த பருத்த மல்யுத்தக்காரர். பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும் அந்தச் சண்டை விளையாட்டில் இரண்டாம் பாகத்திலிருந்து அவர் வேறு ஆளைத் தொட்டதில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது ஊர்மிளாவின் கொமினிகேஷன் கடை. முன்னால் தொலைபேசிக் கூண்டுகளும் போட்டோகொப்பி மெஷினும். திரைச்சீலைக்கு அப்பால் ஒரு பழைய டிவியும் கேம் பெட்டியும். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து லொறி டிரைவர் ஆண்டியப்பன். சனிக்கிழமைகளில் தொழிற்சாலைக்குச் சாமான் ஏற்ற ஹட்டனுக்கு வருவார். பக்கத்து மொத்தக் கடை ஆட்கள் மூட்டைகளை ஏற்றி முடிக்கிறவரை அவருக்கு இங்கேதான் இருப்பு. எதிரில் விளையாடுகிறவர் லொறியின் கிளீனர் அழகன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கனரக வாகன லைசன்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஆனால் ஸ்டியரிங் இன்னும் கைக்கு வரவில்லை.

விளையாட்டிலும் ஆண்டியப்பன் பேசுவது லொறிப் பாஷைதான். எதிராளி பின்வாங்கினால், "ரிவர்ஸ் போடுறான் பாரு, பின்னுக்கு ஆளு இருக்கான்னு கேட்டுட்டுப் போடா" என்பார். தூக்கி எறிவதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'டிப்பர்'. அழகன் யாரைத் தெரிவு செய்தாலும், அந்த ஆள் சண்டைக்கு முன் தொண்டையைச் செருமுகிற ஓசையிலேயே பெயரைச் சொல்லிவிடுவார். காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டால் குனிவார். பாதம் தரையில் உரசினால் தாவுவார். பெரும்பாலும் வெல்வார்.

"பாக்காமலே அடிக்கிறாரு மனுசன்" என்று அழகன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வதுண்டு. அதைக் கேட்டு ஊர்மிளா மட்டும் சிரிப்பதில்லை.

அவருக்குத் தெரியும். நுவரெலியாவில் கண் காட்டிய டாக்டரிடம் முடிவு கேட்க ஆண்டியப்பன் இந்தக் கடையிலிருந்துதான் பேசினார். எண்கள் கண்ணுக்குத் தெரியாததால் ஊர்மிளாதான் அழுத்திக் கொடுத்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் உரக்கத் திருப்பிக் கேட்டார்; கூண்டுக் கதவைச் சாத்தினாலும் வெளியே கேட்கும். எதையும் நேராகப் பார்த்தால் நடுவில் புகை. ஓரங்கள் மட்டும் தெரியும். இது திரும்பாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். ரிசீவரை வைத்துவிட்டு வந்தவர், "நடுவுல மூட்டம் வந்து ஒக்காந்துகிச்சும்மா. ஓரம் பரவால்ல" என்றார், மழை நிலவரம் சொல்வதுபோல.

மூட்டத்தில்தான் அவருடைய பெயரே இருந்தது. மேகம் இறங்கி மற்ற வண்டிகள் எல்லாம் ஓரங்கட்டி நிற்கிற நேரத்தில் இவருடைய லொறி மட்டும் வரும். ரேடியோவை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி ஓட்டுவார். என்ஜின் சத்தம் மண்மேட்டில் பட்டால் திரும்பி வரும். பள்ளத்தின் பக்கம் போன சத்தம் வராது. அந்தக் கணக்கில்தான் வளைவுகளை ஒடிப்பார். ஹட்டனில் சாமான் வாங்கிவிட்டு மூட்டைகளின் மேல் ஏறி வரும் தோட்டத்துப் பெண்கள், டைவரண்ணன் வண்டியென்றால் பயமில்லாமல் தூங்கிக்கொண்டு போவார்கள்.

"அந்தப் பொம்பளைங்களையாவது நெனச்சுப் பாருங்கண்ணே. ஆபீஸ்ல சொல்லிருங்க" என்று ஊர்மிளா கேட்டிருக்கிறார்.

"சொன்னா மறுநாளே பேர் போயிரும்மா."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அந்த நாளின் சம்பளம். டிரைவர் பேர் போனால், கண் தெரியாதவருக்குப் புல்வெட்டுப் பேர்கூட யார் போடப்போகிறார்கள்? அழகன் விளையாட்டாக, "அண்ணே, ஒரு நாளைக்கு நான் ஓட்டுறேனே" என்று கேட்டாலும் அவருடைய கை இடுப்புக்குப் போய்விடும். லொறிச் சாவி அங்கே கறுப்புக் கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது.

"சாவி கை மாறுனா பேரும் கை மாறும்டா தம்பி. போயி டயருக்குக் காத்துப் பாரு."

ஊர்மிளா விடவில்லை. இன்னொரு சனிக்கிழமை மறுபடியும் கேட்டபோது, டிவிப் பக்கம் தலையை ஆட்டி ஒரு வாக்குக் கொடுத்தார். "இங்க காதால அடிக்க முடியிற வரைக்கும் ரோட்டுலயும் முடியும். இங்க தோத்தா, வெளையாட்டுக்குத் தோக்குறது இல்ல, அடி எங்கயிருந்து வருதுன்னு தெரியாமத் தோத்தா, அன்னைக்குச் சாவியக் கழட்டிருவேன். நீயே சாட்சி."

அதன் பிறகு சனிக்கிழமைகளில் திரைச்சீலைக்குப் பின்னால் சண்டை தொடங்கினால், ஊர்மிளா போட்டோகொப்பி மெஷினை நிறுத்திவிடுவார்.

ஐந்தாவது பாகம் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது ஐப்பசி மாதத்தில், தீபாவளி வியாபாரம் சூடுபிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. உறையைப் பிரித்ததே அழகன்தான். "பெரியவரு இருக்காராடா?" என்று ஆண்டியப்பன் கேட்டார். இருந்தார். ஆனால் குரல் வேறு. செருமல் இல்லாமல், பாறை உருளுவதுபோல ஒரு உறுமல். "சளி புடிச்சிருச்சு போல" என்றார் ஆண்டியப்பன். அழகன் சிரித்தார்.

முதல் சுற்றில் தோற்றார். புதுக் குரல்கள், பழக வேண்டும் என்றார். அது நியாயமாகவே இருந்தது. இரண்டாம் சுற்றில் காற்றோசையைப் பிடித்துக்கொண்டு வென்றார். ஊர்மிளா திரைச்சீலையை விலக்கி வந்து நின்றார். கையில் யாரோ கொடுத்த அடையாள அட்டை, பிரதி எடுக்காமல் அப்படியே இருந்தது.

முன்னைய பாகங்களில் சண்டைக்களம் திறந்த வெளி. புதியதில் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதை யாரும் ஆண்டியப்பனுக்குச் சொல்லவில்லை. பார்க்கிறவருக்குச் சொல்லவேண்டிய விஷயமில்லை அது.

மூன்றாம் சுற்றில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆண்டியப்பனின் முகம் மலர்ந்தது. "டிப்பர் கொட்டிருச்சு" என்றபடி அதே பொத்தானை மறுபடியும் அமுக்கினார். இன்னொரு 'தொம்.' "வாங்கிக்கடா. மூட்டை மாதிரி விழுறான் பாரு." கட்டைவிரல் நிற்கவேயில்லை. அழகன் கைப்பிடியை மடியில் வைத்துவிட்டார். சண்டை முடிந்து, திரையில் இசை மாறிய பிறகும் ஆண்டியப்பன் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, முடிஞ்சிருச்சு" என்றார் அழகன்.

"ஜெயிச்சேனா?"

அழகன் எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தொம்முனு மோதுச்சே. சொவரா அது?"

"ஆமாண்ணே. இதுல சொவர் வச்சிருக்கான்."

"மோதுனது யாரு?"

அழகன் ஊர்மிளாவைப் பார்த்தார். ஊர்மிளா தரையைப் பார்த்தார்.

"நீங்கதாண்ணே" என்றார் அழகன். "ரெண்டு தடவையும்."

ஆண்டியப்பன் கைப்பிடியின் வயரை நிதானமாகச் சுற்றி, அதன் இடத்தில் வைத்தார். இன்னொரு ஆட்டம் போடலாம், சுவர் பழகிவிடும் என்று சொல்ல இடமிருந்தது. அழகன் அதைச் சொல்லவும் செய்தார். ஆண்டியப்பன் கேட்டுக்கொண்டிருந்தது வேறெதையோ. வெளியே தெருவோசை மங்கிக்கொண்டிருந்தது. மேகம் இறங்கினால் ஹட்டன் டவுன் அப்படித்தான் அடங்கும்.

"டைவரண்ணே" என்று வெளியே நின்ற லொறியின் மேலிருந்து ஒரு குரல் வந்தது. தீபாவளிச் சாமானோடு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட தோட்டத்து ராக்காயியின் குரல். "மூட்டம் கட்டிருச்சு. ஒங்களுக்கென்ன, நீங்க ஓட்டிருவீங்க. எங்களுக்குத்தான் குளுருது. கெளம்புவமா?"

மேலே இன்னும் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள்.

"இந்தா வந்துட்டோம்" என்று ஆண்டியப்பன் குரல் கொடுத்தார். வந்துட்டேன் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்.

எழுந்து நின்றார். இடுப்பில் கயிற்றின் முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்ப நேரமெடுத்தது. சாவியைக் கழற்றி, எதிர் நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. அழகன் எப்போதோ எழுந்து அவருக்கு இடப்புறம் வந்து நின்றிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. சாவி மட்டும் கயிற்றில் மெல்ல ஆடியது. அழகன் சத்தமில்லாமல் சுற்றி வந்து, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கைக்குக் கீழே தன் உள்ளங்கையை விரித்தார்.