கட்டெறும்பு சேர்ந்த கல்லூரி

பள்ளிக்கூட வாலிபால் அணியில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். ஆள் குட்டை; ஆனால் பந்து எந்த மூலையில் விழப் போனாலும் அந்த மூலையில் அவள் இருப்பாள். தரையோடு தரையாகப் பாய்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, எப்படியாவது பந்தை மேலே தூக்கிவிடுவாள். இப்படிப் பின்வரிசையில் நின்று பந்தைக் காப்பாற்றுவதற்கென்றே அணியில் ஓர் இடம் உண்டு, லிபரோ என்பார்கள். வலைக்கு மேலே எழும்பி அடிக்கிற உரிமை லிபரோவுக்குக் கிடையாது. கைதட்டல் எல்லாம் அடிக்கிறவர்களுக்குத்தான். கட்டெறும்பு அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. விழ வேண்டிய பந்து விழவில்லை, அது போதும் அவளுக்கு.

வீட்டில் அவள் பாப்பா. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா வீட்டுக்குக் கீழேயே சின்னத் தையல்கடை வைத்திருந்தாள். புதுத்துணி தைப்பதைவிடப் பிரிப்பது, பிடிப்பது, நீட்டுவது, குறைப்பதுதான் அங்கே அதிகம். பள்ளி விடுமுறை நாட்களில் பாப்பா சில சமயம் அப்பாவோடு போவாள். மாடிக்கும் மேலே, லிஃப்டை இழுக்கிற மோட்டார் இருக்கும் அறை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். எண்ணெய் வாடை, இரும்புச் சூடு, நடுவில் பெரிய சக்கரம். ஒருநாள் கம்பிவடம் அந்தச் சக்கரத்தின் மேல் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இது ஏம்ப்பா வழுக்காம இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "பள்ளம் வெட்டிருக்காங்கல்ல, அதுல கவ்விக்குது. ஆனா எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வுன்னு எல்லாம் எனக்குத் தெரியாதும்மா. டிசைன் பண்ணவங்களைத்தான் கேக்கணும்."

அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்துவிட்டாள்: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போகிறாள், லிஃப்ட் டிசைன் பண்ணப் போகிறாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோதும் அவள் அதையே சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை. மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருந்தது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அப்பாவின் அக்கா ஒருத்தர் இருந்தார். கணக்கு டீச்சர். குடும்பத்தில் யார் எந்த முடிவு எடுத்தாலும் அத்தையின் கையெழுத்து விழாமல் அது முடிவாகாது. அத்தை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். ஊரிலேயே பெயர் பெற்ற கல்லூரி, பெரிய கம்பெனிகள் வரிசையில் நின்று ஆள் எடுக்கும் கல்லூரி, அதுதான். அந்தக் கல்லூரியில் இடமும் கிடைப்பதாக இருந்தது.

இதற்கிடையில் வேறு ஒருவரும் அவளைக் கேட்டிருந்தார். பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் அவள் ஆட்டத்தைப் பார்த்த ஒரு கல்லூரிக் கோச், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணை எங்ககிட்ட விட்டுடுங்க சார். ஸ்டேட் டீம்ல ஆட வைக்கிறேன். படிப்பு, ஹாஸ்டல், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடமே அதைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"உனக்குப் புத்தி ஏதாவது இருக்காடா?" என்றார் அத்தை. "முட்டி தேய்ஞ்சு போற வரைக்கும் ஆடுவா. அப்புறம்?"

"எனக்கு முட்டியும் வேணும், மெக்கானிக்கலும் வேணும் அத்தை" என்றாள் பாப்பா.

"எல்லாம் வேணும்னா எப்படிடி? ஏதாவது ஒண்ணை விடத்தான் வேணும்."

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா சொன்னாள்: "விளையாட்டை விடச் சொல்லாதீங்க அண்ணி. பரீட்சைக்குன்னு ஒரு மாசம் விளையாடாம இருந்தா. அந்த ஒரு மாசம் இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு எனக்கில்ல தெரியும். கதவை மெதுவா சாத்தத் தெரியாதவ மாதிரி ஆயிட்டா."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். வாசல் நிலையில் தலை இடித்துவிடுமோ என்று குனிந்து வருகிற உயரம். டிராக் பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றது; அதை இறக்கித் தைக்க வேண்டும். துணியை நீட்டும்போது, "என் கைல கிரீஸ் இருக்கு ஆன்ட்டி, மத்த துணில படாம பாத்துக்கோங்க" என்றாள். அம்மாவுக்கு ஆச்சரியம். டிராக் பேன்டும் கிரீஸும் ஒரே ஆளிடம் எப்படி? கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அவள் மெக்கானிக்கல் மாணவி. கல்லூரி வாலிபால் அணியிலும் இருக்கிறாள். அம்மா ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்துப் பாப்பாவுக்குக் குரல் கொடுத்தாள்.

அந்த நெட்டைப் பெண்ணின் கல்லூரியைப் பற்றி வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஊருக்கு வெளியே, பஸ் போய்த் திரும்புகிற இடத்தில் இருந்தது. "பெரிய காலேஜ்னு நினைச்சு வந்துடாத, கட்டெறும்பு" என்று நெட்டையே சொன்னாள்; அந்தப் பெயரைப் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். "வந்து பாரு. பிடிச்சா சேரு."

எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று பாப்பா சொல்லிவிட்டாள். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார்.

பெயர் பெற்ற கல்லூரிக்கு முதலில் போனார்கள். ஆய்வுக்கூடங்களின் முன்னால் அவள் நகராமல் நின்றுவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்குள் பளபளக்கிற இயந்திரங்கள். சுற்றிக் காட்டிய அலுவலர் கேட்டதற்கெல்லாம் "எல்லாமே இருக்கு மேடம்" என்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவளை மேடம் என்றதில் பாப்பாவுக்குக் கொஞ்சம் பெருமைதான். வாலிபால் மைதானம் எங்கே என்று கேட்டாள். அவர் கை காட்டிய இடத்தில் கார்கள் நின்றன. கார்களுக்கு நடுவே, வலை கட்டுகிற கம்பம் ஒன்று நின்றது. அதில் யாரோ ஹெல்மெட்டை மாட்டியிருந்தார்கள். "ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு எல்லாத்தையும் எடுத்துடுவோம்" என்றார் அலுவலர். அப்பா இதற்குள் நூலகக் கட்டட லிஃப்டில் ஒருமுறை மேலே போய்விட்டு வந்து, "நல்ல மெஷின்ம்மா" என்றார், அவளைத் தேற்றுவது போல.

கோச் அழைத்த கல்லூரியில் மைதானத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளரங்கு, மரத்தரை, முட்டி தேயாத தரை. அங்கேயே குடியிருக்கலாம் போலிருந்தது. மெக்கானிக்கல் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றதும் சாவியைத் தேடினார்கள். சாவி வர நேரமாயிற்று. உள்ளே கடைசல் இயந்திரங்களைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பாப்பா ஒரு துணியைத் தூக்கினாள். தூசி பறந்து அப்பா தும்மினார்.

"மெக்கானிக்கல் கஷ்டமா இருந்தா வேற டிகிரிக்கு மாத்திக்கலாம். எல்லாம் பாத்துக்கலாம்" என்றார் கோச். நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மாத்திக்கலாம் என்ற அந்த ஒரு சொல் அவளுக்கு வழி முழுக்க நெருடியது. திரும்புகிற பஸ்ஸில் மரத்தரையை நினைத்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பஸ் போய்த் திரும்புகிற இடத்துக் கல்லூரியில் வரவேற்க யாரும் இல்லை. நெட்டைதான் மைதானத்திலிருந்து கையசைத்தாள். மண்தரை, வலையில் ஓர் ஓட்டையை ஷூ கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஓர் ஆள் குறைகிறது, வா என்று அவளை இழுத்து உள்ளே விட்டார்கள். சுடிதாரோடு பின்வரிசையில் நின்றாள். நெட்டை அடித்த முதல் பந்து காதோரம் பறந்து போனது. இரண்டாவதை எடுத்தாள். அப்புறம் துப்பட்டாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்து ஆட ஆரம்பித்தாள். முடிந்தபோது முழங்கை சிராய்ந்து, சுடிதார் மண் நிறமாகியிருந்தது. அந்த அணியின் கோச் அம்மையார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேர் என்ன?" என்று கேட்பதற்குள் நெட்டை முந்திக்கொண்டு "கட்டெறும்பு மேடம்" என்றாள்.

பட்டறை திறந்தே கிடந்தது. இயந்திரங்கள் பழசு; ஆனால் ஒவ்வொன்றின் முன்னும் யாராவது நின்றார்கள். பட்டறைப் பொறுப்பாளர் வழுக்கைத் தலையர், சிடுமூஞ்சி.

"பிராக்டிஸ் நேரத்துல லேப் வந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள் பாப்பா.

"லேப்தான் பண்ணுவோம். பந்து எங்கயும் ஓடிடாது."

பின்னாலேயே வந்திருந்த கோச் அம்மையார், "ஓடும் சார், அதுக்குத்தான் ஆள் தேடறேன்" என்றார். பிறகு பாப்பாவிடம் திரும்பினார். "காலைல பிராக்டிஸ். சாயங்காலம் இவர்கிட்ட. மேட்ச்சுக்குப் போனா விட்டுப்போன லேபைச் சனிக்கிழமை வந்து முடிச்சிடணும், அதுல சலுகை கிடையாது. நாங்க பெரிய டீமும் இல்ல, நிறைய தோப்போம். தெரிஞ்சுக்கோ."

"பெரிய கம்பெனிங்க இந்தப் பக்கம் அதிகமா வராது" என்று சிடுமூஞ்சியும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அத்தைக்குத் தானே போன் செய்தாள். "அங்கதான் சேரப் போறேன் அத்தை. மத்த ரெண்டு இடத்துலயும் இல்லாததை இல்லன்னு யாருமே சொல்லல. இங்க சொன்னாங்க." அத்தை நெடுநேரம் பேசினார். பாப்பா மறுத்துப் பேசவில்லை, மனதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் அத்தை, "என்னவோ பண்ணு" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு சில மாதங்கள் பேச்சுவார்த்தை இல்லை.

கோபம் தணிந்ததும் அத்தை செய்த முதல் காரியம், ஒரு மேட்ச்சுக்கு வந்து உட்கார்ந்ததுதான். குடையும் கையுமாக வந்தார். ஆட்டம் தொடங்கியதும் அவருக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் நீலச் சட்டை. பாப்பா மட்டும் மஞ்சள். இடைவேளையில் நேராகக் கோச்சிடம் போனார்.

"எங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் வேற கலர்? அவ அளவுல சட்டை இல்லன்னா சொல்லிருக்கலாமே. அவங்க அம்மாவே தைச்சுக் குடுத்திருப்பாங்க."

லிபரோவுக்கு வேறு நிறச் சட்டைதான் விதி என்று கோச் அம்மையார் விளக்கினார். அத்தை யோசித்தார். "அப்ப அவ தனியா தெரியணும்னுதான் இந்த ஏற்பாடா?" என்றார். அதற்குப் பிறகு அந்த மஞ்சள் சட்டை பற்றி அவர் பெருமையடித்துக்கொள்ளாத உறவினர் வீடே இல்லை.

எல்லாம் இப்படியே நன்றாகப் போய்விடவில்லை. சனிக்கிழமைகளில் தோழிகள் சினிமாவுக்குப் போகும்போது அவள் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கடைசி வருடத்தில், அணி முதல்முறையாக அரையிறுதிக்கு வந்த அதே நாளில், அபூர்வமாக வந்த ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வும் வந்து சேர்ந்தது. காலையில் தேர்வு, மதியம் மேட்ச். இஸ்திரி போட்ட சட்டைக்குள் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். தேர்வு இழுத்துக்கொண்டே போயிற்று. அவள் மைதானத்துக்கு ஓடிவந்தபோது முதல் செட் கையை விட்டுப் போயிருந்தது; அவள் இறங்கி ஆடியும் மற்றதும் போயிற்று. சாயங்காலம் கம்பெனியின் முடிவும் வந்தது. அதிலும் இல்லை.

அன்றைக்கு வீட்டில் அழுதாள், நன்றாகவே அழுதாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆளான அத்தை, அதைச் சொல்லவில்லை. "அடுத்தது வரும்டி. முதல்ல முட்டிக்கு மருந்து போடு" என்று பஞ்சை எடுத்து நீட்டினார். அழுகைக்கு நடுவே பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது வரச் சில மாதங்கள் ஆயிற்று. தானாகவே விண்ணப்பம் போட்டு, லிஃப்ட் தயாரிக்கிற ஒரு நடுத்தரக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். லிஃப்ட் பெட்டியில் மூட்டைகளை ஏற்றி, வேண்டுமென்றே வேகமாக இறங்கவிட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிற வேலை. பிடிக்கும்போது கட்டடமே ஒரு குலுக்குக் குலுக்கும். அவளோடு வேலை செய்கிறவர்களில் இருவர் பெயர் பெற்ற கல்லூரிக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்த சிலது இவளுக்குத் தெரியாது; கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அந்தக் கண்ணாடித் தடுப்பு ஆய்வுக்கூடத்தை நினைத்து எப்போதாவது ஓர் ஏக்கம் வரும். மத்தியான வேலை ஆரம்பித்ததும் போய்விடும். டிசைன் பிரிவுக்கு மாற்றிக்கொள்ள இந்த வருடம் கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கம்பெனி கிடங்குக்குப் பின்னால் வலை கட்டுகிறார்கள். பெண்கள் அணியை அவள்தான் சேர்த்தாள்: கணக்குப் பிரிவு அக்கா, கேன்டீன் கல்லாவில் உட்கார்கிறவர், ரிசப்ஷன் பெண், இன்னும் சிலர். பாதிப் பேருக்கு சர்வீஸ் போடவே வராது. போன வாரம் கணக்கு அக்காவின் மூக்கில் பந்து பட்டுவிட்டது. எல்லோரும் பதறிப்போய்ச் சுற்றி நின்றார்கள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வாரம் வருவீங்களாக்கா?" என்று கட்டெறும்பு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வராம?" என்றார் அவர். "அடிச்சது யாருன்னு இன்னும் பாக்கலையே."