ஈயம் தட்டும் இரும்பு

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு மீனவர் வலைக்கான ஈயத்துண்டை இரும்பு உருளை ஒன்றின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார். உருளையின் கூம்பு முனையில் பித்தளை மூக்கு. நேற்றுதான் சென்னைத் துறைமுகத்தின் போர்க்காலப் படங்களில், கடற்படைப் பீரங்கிகளுக்கு அருகே இதே உருவத்தை அடுக்கடுக்காகப் பார்த்தேன். கையை நீட்டியபடி அவரிடம் ஓடுகிறேன்.

“அண்ணே, தட்டாதீங்க! அது கப்பல் பீரங்கிக் குண்டு. இன்னும் வெடிக்கலை.”

“இன்னா சார் சொல்ற? எங்க நைனா வலையில மாட்டுனது. இத்தினி வருசமா இதுமேலதான் தட்டிக்கினு இருக்கேன்.”

சிரித்தவர் என் முகத்தைப் பார்க்கிறார். சுத்தியலைச் சத்தமில்லாமல் மணலில் வைக்கிறார்.

“சார், அன்னிக்கு ரெண்டு மாட்டுச்சு.”

“இன்னொண்ணு எங்கே?”

“என் பொண்டாட்டி அடுப்புக்குக் கல்லா வச்சிருக்கா.”

சொல்லிக்கொண்டே வீட்டை நோக்கி ஓடுகிறார். கூரைக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருக்கிறது.