பெட்ரோல் மூடிக்கு ஒரு சாவி

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினேன். அந்த இடம் அப்போது வெறும் கருவேல முள். வாடிப்பட்டி ரோட்டில் இரண்டு செங்கல் காளவாசல் போட்டேன். முதல் சூளைக்கு வைத்திருந்த பச்சைக் கல் முழுவதும் ஒரே மழையில் கரைந்து சேறாகிவிட்டது. அந்தச் சேற்றையே மறுபடி மிதித்து அச்சில் அடித்தேன். பள்ளிக்கூடங்கள், தண்ணீர்த் தொட்டிகள், ஓடைமேல் ஒரு பாலம். பாலம் ஒரு மழைக்குத் தாங்காது என்று டீக்கடையில் பேசியவர்கள் இன்று அதன் மேல்தான் காலையில் நடை போகிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் சாந்துச் சட்டி தூக்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் மகன் வயிற்றுப் பேத்தி இதில் எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறாள். அதற்கு மேல் கை வைக்க விடவில்லை.

சாந்துச் சட்டி தூக்கியபோது பக்கத்தில் இன்னொரு தலையும் சட்டி சுமந்தது. அது என் தங்கச்சி. எங்கள் தெருவுக்குள் கார் வராத காலம். அவள் கல்யாணத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் போனோம். உட்கார இடம் கிடைக்கவில்லை. கழுத்து மாலை நசுங்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்தபடி மணப்பெண் நின்றுகொண்டே போனாள். வாடிப்பட்டியில் இறங்கும்போது, “நீ கார் வாங்குனா எம் மகள அதுல ஏத்தி அனுப்பு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்குப் பிறந்தது எல்லாம் பையன்கள். அதனால் நான் கார் வாங்கியும் அந்தப் பேச்சு நிறைவேறாமலே கிடந்தது. போன ஐப்பசியில் அவளுடைய பேத்திக்குக் கல்யாணம் கூடியது. அந்த வீட்டு வாசலை விட்டு இறங்கும் முதல் பெண். என் மண்டபத்தில்தான் கல்யாணம். முதல் நாள் பெண்ணை அழைத்துவர என் கார் வாடிப்பட்டிக்கு வர வேண்டும். தங்கச்சி கேட்டது அது ஒன்றுதான்.

கார் ஒரு வெள்ளை அம்பாசிடர். ஒரு டாக்டரிடம் கைமாற்றி வாங்கி நானே ஓட்டப் பழகியது. மகன் பலமுறை விற்கச் சொல்லிவிட்டான். அதன் பெட்ரோல் மூடிக்குப் பூட்டு போட்டவன் நான். தொடக்கத்தில் சும்மா திருகுகிற மூடிதான் இருந்தது. வேலை நடக்கும் இடங்களில் நிறுத்தினால் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சிவிடுவார்கள். அதனால் சாவி போட்டுத் திறக்கிற மூடியாக வாங்கி மாட்டினேன். சாவி சிறியது, சூட்கேஸ் சாவி அளவுதான். பூட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லாத வீட்டில் வளர்ந்தவன் நான். வசதி வந்த பிறகு அரிசி மூட்டை இருக்கிற அறைக்குக்கூடப் பூட்டுப் போட்டேன். இடுப்பில் சாவிக்கொத்து கனத்தால்தான் நடக்கிற மாதிரி இருக்கும்.

அந்தச் சாவி ஆயுத பூஜையன்று காணாமல் போனது. சாந்து பூசுகிற கொல்லறு, மட்டக்கோல், காளவாசல் சாவிகள், கார் சாவிகள் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிடுவோம். பிறகு பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமமும் சில்லறையும் திணித்து, காரைச் சுற்றி ரோட்டில் உடைப்போம். தாம்பாளத்தில் சில்லறையும் சாவிகளும் ஒன்றாகக் கிடந்தன. சின்னச் சாவி சில்லறையோடு சேர்ந்து பூசணிக்காய்க்குள் போயிருக்கும் என்பது என் மனைவியின் கணக்கு. ரோட்டில் சிதறிய சில்லறையை ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருக்கலாம். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. மழைக்காலம், கார் ஷெட்டிலேயே நின்றது.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் காரைக் கழுவித் துடைத்து ஸ்டார்ட் செய்தேன். பெட்ரோல் முள் அடியில் படுத்துவிட்டது. மூடியைத் திறக்கப் போனபோதுதான் சாவி இல்லை என்று உறைத்தது. கொத்திலே இல்லை, பீரோவிலே இல்லை, சாமி மாடத்திலும் இல்லை. ஞாயிறு என்பதால் மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் எல்லாம் அடைப்பு. புது மூடி வாங்கவும் வழியில்லை. மாலை நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் பெண் வாசலை விட்டு இறங்கியாக வேண்டும்.

தங்கச்சிக்குப் போன் போட்டுச் சாவி தொலைந்ததைச் சொன்னேன். அங்கே பேரன் ஏற்கெனவே ஏசி கார் ஒன்று பேசி வைத்திருக்கிறான் என்றாள்.

“அண்ணே, நா அன்னைக்கி நின்னுக்கிட்டே போனேன். அது போகட்டும். ராவுகாலத்துக்கு முன்னாடி வந்துருவியான்னு மட்டும் சொல்லு. முடியலன்னா இப்பவே சொல்லிரு, மனசத் தேத்திக்கிறேன்.”

“வாரேன்” என்றேன்.

வாயில் சொல்லிவிட்டேன். பெட்ரோல் பங்க்கில் எவ்வளவும் கிடைக்கும், ஊற்றுகிற வாய்தான் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியவனும் நான், திறக்க முடியாதவனும் நான். காரின் பின்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ திருடிவிடுவார்கள் என்று போட்ட பூட்டு என் தங்கச்சியைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறது என்று தோன்றியது. அந்த நினைப்பு நல்லதாக இல்லை.

மகன் பைக்கில் போய், மாசி வீதிப் பக்கம் பிளாட்பாரத்தில் சாவி போடுகிற ஒருவரை வீட்டிலிருந்தே கிளப்பிக் கூட்டிவந்தான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றை விட்டு வந்த கோபம் அவர் முகத்தில் இருந்தது. வெற்றுச் சாவியை உள்ளே விட்டு அசைப்பார், எடுத்துத் தடம் பார்ப்பார், அரத்தால் ராவுவார், மறுபடி விடுவார். ஒரு சாவி தயாரானது. உள்ளே போனது, திரும்பவில்லை. இன்னொன்று ராவினார். அதுவும் பாதியில் நின்றது.

“பூட்டு செத்துப்போச்சுங்கய்யா. ஒடச்சுருங்க” என்றார்.

மகன் டிரில்லிங் மெஷினை எடுத்துவந்தான். டேங்கில் பெட்ரோல் அடியில்தான் கிடக்கிறது என்றாலும் ஆவி இருக்கும், தீப்பொறி போதும், கல்யாண வீடு எழவு வீடாகிவிடும் என்று சொல்லி மெஷினைப் பிடுங்கி வாசல் திண்டில் வைத்தேன். அப்படியென்றால் பானெட்டில் கேன் கட்டி, டியூப் போட்டு ஓட்டலாம் என்றான்.

“பொண்ணக் கூட்டப் போறோமாடா, பம்பு செட்டு ஓட்டப் போறோமா?”

“அப்ப அந்த ஏசி காரே போகட்டும்ப்பா. அத்த ஒண்ணும் நெனைக்காது.”

நினைக்காது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த பஸ்ஸில் அவன் வரவில்லை.

சாவிக்காரர் பையைக் கட்டத் தொடங்கினார். நான் அவர் கடைசியாக ராவிய சாவியை வாங்கி, இன்னொரு தரம் உள்ளே விட்டு எடுத்தேன். நுனியில் பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. கண் சரியாகத் தெரியாததால் மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் நாற்றம் வரவில்லை. சந்தன வாசம் வந்தது.

பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு என் மனைவி காருக்குப் பொட்டு வைக்கும்போது சந்தனத்தில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டாள். பெட்ரோல் மூடியின் நடுவிலும் கட்டைவிரலால் அப்பியிருக்கிறாள். நடுவில்தான் சாவித் துளை. அன்றிலிருந்து சாவியே போடாததால் சந்தனம் உள்ளே இறங்கி இறுகிவிட்டது. காலையில் கழுவியபோது மேல் பொட்டுப் போய்விட்டது, உள்ளே இருந்தது போகவில்லை. சாவி சரி. பூட்டும் சரி. ரெண்டுக்கும் நடுவில் பக்தி அடைத்துக்கொண்டிருந்தது.

மனைவியிடம் சொன்னேன். “சாமி காரியத்துல குத்தம் கண்டுபுடிக்காதீக” என்று உள்ளே போய்விட்டாள்.

சாவிக்காரர் சாவியைச் சுத்தியலால் தட்டி இறக்கலாம் என்றார். நான் விடவில்லை. இறுகிய சாந்தைத் தட்டினால் செங்கல்தான் உடையும். ஊறவைத்தால் சாந்து தானாக விடும். சட்டி சுமந்த காலத்தில் பழைய கல்லைச் சுத்தம் செய்து செய்து கை கற்றுக்கொண்டது இது. வெந்நீரில் நூலை நனைத்துப் பிழிந்து, கோணி ஊசியால் துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தேன். தண்ணீர் டேங்குக்குள் இறங்கிவிடும் என்று மகன் பக்கத்தில் நின்று முணுமுணுத்தான். ஒரு சொட்டுகூட வழியாமல்தான் செய்தேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டு, நூலை உருவினால் மஞ்சளாக வந்தது. மறுபடி புது நூல். மணி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கையை அவசரப்பட விடவில்லை. நூல் வெள்ளையாக வந்த பிறகு ஊதிக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். முதலில் ராவிய சாவியை எடுத்துப் போட்டேன். முதல் சாவி, இரண்டாவது அல்ல. திரும்பியது.

மீதி பெட்ரோலில் பங்க் வரை போய் டேங்கை நிரப்பினேன். நான்குவழிச் சாலையில் சமயநல்லூர் தாண்டும்போது நேரம் பார்க்கவே பயமாக இருந்தது. வாடிப்பட்டியில் ஏசி கார் வாசலில் நின்றது, ஆனால் கதவு திறக்கவில்லை. தங்கச்சி அதன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என் காரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை மடக்கினாள். ராகுகாலத்துக்கு முன்னால் பேத்தி வாசலை விட்டு இறங்கி, என் பின் சீட்டில் மாலை கசங்காமல் அகலமாக உட்கார்ந்தாள். தங்கச்சி முன்னால் என் பக்கத்தில். அவளுக்கு உட்கார இடம் இருந்தது. மண்டபம் வரும்வரை சீட்டை ஒரு கையால் தடவிக்கொண்டே வந்தாள், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பேசாதது தப்பாகப் போய்விட்டது. கல்யாணத்துக்கு அழைத்திருந்த சாவிக்காரர் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து, தான்தான் பூட்டைத் திறந்ததாகக் கதை சொல்லிவிட்டார். மகன் மறுத்துப் பேசாமல் இலைக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தங்கச்சி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், “எம் மருமகன்தான் ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம சாவிக்காரரக் கூட்டியாந்து கார கெளப்புனான்” என்கிறாள். மருமகன் என்பது என் மகனைத்தான். நான் ஓட்டி வந்தவனாம்.

சாவி ராவியது சாவிக்காரர், சரி. கூட்டி வந்தது மகன், அதுவும் சரி. மெஷினைப் பிடுங்கி வைத்தது யார்? சந்தனத்தை மோந்து கண்டுபிடித்தது யார்? நூல் நூலாக ஊறவைத்து எடுத்தது யார்? தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் யாராவது இதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ஊர் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. பஸ்ஸில் அவளோடு நின்று வந்தவன் நான். அடுத்த தடவை கார் கதை சொல்லும்போது, பூட்டைத் திறந்தது எங்க அண்ணன் என்று அவள் வாயால் சொல்லியாக வேண்டும்.