கல்பாளம் போட்ட மாடி

மாடி எழுப்பி எனக்கென்று ஓர் அறை கட்டுகிறான் மகன். மேஸ்திரி கல்பாளத்தைச் சுத்தியலால் தட்டிக் காட்டி, "இதப் போட்டா மேல குதிச்சாலும் கீழ கேக்காதும்மா" என்றார். எனக்கு நான் பிறந்து வளர்ந்த ஜோகுபாளையத்து வீடு நினைவுக்கு வந்தது.

அக்காவுக்குக் காசநோய். அவளைத் தனியாக வைக்க அப்பா மாடி எழுப்பினார். அம்மா மரப்பலகைத் தளம் கேட்டாள்.

"அவ நடக்கிறது எனக்குக் கீழ கேக்கணுங்க."

"இருமறதும் கேக்குமே! சின்னவளப் பொண்ணு பாக்க வர்றவங்க நிப்பாங்களா?"

சின்னவள் நான்தான். பழைய தண்டவாளங்களை உத்தரமாக வைத்து அப்பா கல்லையே பரப்பினார். வீடெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம்.

பெண் பார்க்க வந்தவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போகும்வரை மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. பிறகு கஞ்சியோடு ஏறினேன். அக்கா தரையில் கிடந்தாள். தண்ணீர் கேட்டுத் தட்டித் தட்டி அவளுடைய பித்தளை டம்ளரின் விளிம்பு நசுங்கியிருந்தது.

"பிடிச்சிருக்குன்னாங்களாடி?" என்று கேட்டாள்.

என் கல்யாணத்துக்கு அவள் இல்லை.

"பலகையே போடுங்க மேஸ்திரி" என்றேன். "என் கைத்தடி சத்தம் கீழ கேக்கட்டும்."