டாக்டரிடம் நான் சொன்ன பதில்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் சாவு வீட்டில்கூட ஆட்களைச் சிரிக்க வைப்பவன் நான். வாய் சும்மா இருக்காது.

என் மனைவி செல்வமணிக்கு மார்புப் புற்றுநோய். கையில் நரம்பு அகப்படாததால், மருந்து ஏற்ற நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் குமிழை வைத்து, குழாயை நரம்புக்குள் விட்டார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "எப்படி இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார். அவளுக்குச் சிங்களம் வராது.

"மூச்சு இழுத்தா குத்துதுங்க, சொல்லுங்க" என்றாள்.

"ரப்பர் பால்வெட்டப் போகாமல் இருக்கச் சாக்குத் தேடுகிறாள்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் சிரித்தார்.

எங்கள் ஊர் தெஹியோவிட்டவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் உதடு நீலமாகிவிட்டது. குழாய் வைத்தபோது ஊசி பட்டு நுரையீரலிலிருந்து காற்று கசிந்திருக்கிறது. திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்; விலாவில் ஒரு குழாய் போட்டுக் காப்பாற்றினார்கள்.

"அன்னைக்கு டாக்டருகிட்ட என்னாதான் சொன்னீங்க?" என்று தேறியதும் கேட்டாள்.

"சிங்களம் சரியா வரல புள்ள."

"பரவால்லங்க, பதட்டத்துல யாருக்குத்தான் வரும்?" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

ஏழு மாதத்தில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் கிளினிக்குக்குப் போனால் துணைக்கு நான் போகிறேன். அவர்கள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் டாக்டரிடம் சொல்கிறேன். செல்வமணியிடம் மட்டும் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.