ஐந்து நாள் மனேஜருக்குப் பிரியாவிடை

நாகேந்திரம் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் நாள், அவனுடைய பத்து வருடச் சேவையைப் பாராட்டிப் பிரியாவிடை நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கொரு நட்டமும் இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இரண்டு மாதம் சும்மா கிடந்தவனுக்கு, கொட்டாஞ்சேனையில் மஷூர் ஹாஜியாரின் புடைவைக் கடையில் ஒரு திங்கட்கிழமை வேலை கிடைத்தது. துணி மடிக்கிற வேலை. செவ்வாய்க்கிழமை சுற்றிவளைப்பில், யாழ்ப்பாணத்தான் என்ற சந்தேகத்தில், பொலிஸ் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வெள்ளவத்தையிலேயே சொந்த மாமன் ஒருவர் இருந்தார். கடையிலிருந்து ஆளனுப்பிப் பிணைக்கு வரச்சொல்லிக் கேட்டதற்கு, "எனக்கு பிரஷர்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மனிசனா அவர்! ஒரே ஒரு நாள் பழகிய ஹாஜியார்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

போனவர் சும்மா வந்தாரா? "இவர் நம்மட கடை மனேஜர். பத்து வருஷமா நம்மளோட இரிக்கார்" என்று சார்ஜன்ட் சிறிலிடம் சிங்களத்தில் அடித்துவிட்டார்.

சிறில் அடையாள அட்டையைப் பார்த்தார். "இப்பவே இருபத்தாறு வயசு. பதினாறு வயசிலேயே மனேஜரா?"

"சரியான மூளைசாலி மாத்தயா."

"சிங்களம் ஒரு சொல்லும் பேசுறானில்லையே?"

"கூச்சம்."

விட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த நாளே சிறில் கடைக்குப் பிளேன்ரீ குடிக்க வந்தார். கூச்சக்கார மனேஜரை அவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அதற்கடுத்த நாளும் வந்தார். அவர் தலை தெரு முனையில் தெரிந்ததும் நாகேந்திரம் ஓடிப்போய்க் காசு மேசைக்குப் பின்னால் உட்காருவான். ஹாஜியார் ஓடிவந்து துணி மடிப்பார்.

வியாழக்கிழமை கோட்டையிலுள்ள ஒரு கப்பல் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை வந்து கிளார்க் வேலையை ஏற்கட்டாம். இரண்டு மாதமாக அவன் காத்துக்கிடந்த வேலை. சந்தோசப்பட வேண்டியவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஹாஜியார், நான் விலக வேணும். ஆனா திங்கக்கிழமை என்னைக் காணேல்லை எண்டா அந்தாள் என்ன நினைப்பார்? பத்து வருச மனேஜர் எங்க ஓடினவன் எண்டு தோண்டினா, பொய் வெளிய வரும். என்னோட சேர்த்து உங்களையும் உள்ளுக்கல்லோ தூக்கிப் போடுவினம்!"

ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஒளிச்சிப் போனாத்தானே தம்பி சந்தேகம்? பார்ட்டி வெச்சிப் போனா ஆரு சந்தேகப்படப் போற? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம், ஜும்மாத் தொழுகை முடிந்து, கடைக்குள் பட்டிஸும் வட்டிலப்பமும் வைத்துப் பிரியாவிடை. நடுவில் சிறில். துணி வெட்டும் ஷபீகா எழுந்து பேசினாள். "பத்து வருஷத்தில மனேஜர் அண்ணன் எங்கள ஒரு நாளும் ஏசினதில்ல" என்று சொல்லி விக்கி விக்கி அழுதாள். பாதியாவது உண்மைதான், ஐந்து நாளில் அவன் யாரை ஏசினான்?

பிறகு நடந்ததுதான் அநியாயம். சிறில் தானாகவே எழுந்தார். எட்டு வருடத்துக்கு முன் தன் மனைவியின் சாரி சாயம் போனபோது, ஒரு சொல்லும் பேசாமல் மாற்றிக் கொடுத்தவன் இந்த மனேஜர்தான், அந்த முகம் தனக்கு அப்படியே நினைவிருக்கிறது என்றார். ஹாஜியாருக்குப் பட்டிஸ் புரையேறியது.

கடைசியாக நாகேந்திரம் நன்றி சொல்ல எழுந்தான். மனப்பாடம் பண்ணிய பொய் ஒன்றையும் அவன் சொல்லவில்லை.

"என்ர சொந்தக்காரரே எனக்காக வரேல்லை. ஹாஜியார் வந்தவர்" என்றான். அவ்வளவுதான். அழுகை வந்தால் வந்ததுதான், அடக்க முடியவில்லை.

"அனே பவ், ஐயோ பாவம்!" என்று சிறிலும் கண்ணைத் துடைத்தார். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, இவரைப் பத்து வருடமாக எனக்குத் தெரியும் என்று எழுதி, ஒப்பமும் வைத்து நீட்டினார். "யாராவது மறிச்சா இதைக் காட்டு, மல்லி" என்று தம்பி முறை கொண்டாடினார்.

அவர் போனபிறகு நாகேந்திரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் செல்லினது பொய்தான் தம்பி" என்றார் ஹாஜியார், மிஞ்சிய வட்டிலப்பத்தைப் பார்சல் கட்டியபடி. "ஆனா அந்த மனிசன் நெசமாவே நம்புறார். அவர்ட மனசு நோகப்படாது. இன்னும் ஒரு பத்து வருஷம் இங்கால வந்து போங்க."

"ஓம் ஹாஜியார்" என்றான் நாகேந்திரம்.